பொதுத் தோட்டமும் பொதுத் தண்ணீரும்

(மல்லசமுத்திரத்தில் மகளிர் குழுவினரும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பலர் கூடிக் காய்கறி பயிரிடுவது பற்றிச் சில வார்த்தைகள் கூற வேண்டும் என்று அழைத்திருக்கிறீர்கள். அதற்கு முன்பே தங்கள் மனு நம் கைக்கு வந்துவிட்டது. பள்ளிக்கு அருகே சும்மா கிடக்கும் இடத்தில் தாய்மார்கள் சிலர் சேர்ந்து காய்கறி பயிரிட விரும்புவதாகவும், இளைஞர்கள் சிரமதானமாக மண் வெட்டித் தர முன்வந்திருப்பதாகவும் அதில் கண்டிருக்கிறது. நிலம் கேட்டிருக்கிறீர்கள், வேலி கேட்டிருக்கிறீர்கள், விதையும் பூவாளியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்க மனுவில் தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாமே ஒரு காலத்தில் இதே தவற்றைச் செய்தவர்களாகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நம் பகுதிப் பேச்சில் ஓர் அழகான பாகுபாடு உண்டு. மழையை நம்பிய நிலத்தைக் 'காடு' என்கிறோம். கிணறு வெட்டி நீர் பாய்ச்சும் நிலத்தையே 'தோட்டம்' என்கிறோம். நிலக்கடலையும் சோளமும் விளைந்தால் அது காடுதான். எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அதைத் தோட்டம் என்று எந்தக் குடியானவரும் கூறமாட்டார். தண்ணீர் இல்லாத இடத்திற்குத் தோட்டம் என்று பெயரிட்டுத் திறப்பு விழாவும் நடத்துவது எங்களைப் போன்ற உத்தியோகஸ்தர்களால்தான் இயலும்!

வேறொரு வட்டாரத்தில் நாம் பணியாற்றியபோது அப்படித்தான் நிகழ்ந்தது. பத்து சென்ட் பரப்பில் ஒரு பொதுத் தோட்டம் போட்டோம். சிமெண்டுக் கால் நட்டுக் கம்பி வேலி கட்டினோம். இருபது குடும்பத்தார் ஊக்கத்தோடு வந்தார்கள். முக்கியஸ்தர் ஒருவருடைய சௌகரியத்தை உத்தேசித்துத் திறப்பு விழாவைத் தை மாதக் கடைசியில் வைத்தோம். தக்காளியும் கத்தரியும் வெண்டையும் பூ வைக்கத் தொடங்கிய வேளையில் பங்குனி வெயில் வந்தது. முதல் வாரம் எல்லோரும் குடம் சுமந்தார்கள். இரண்டாம் வாரம் பாதிப் பேர். மூன்றாம் வாரம் இரண்டு மூதாட்டிகள் மட்டும். எஞ்சிய காய்களையும் ஓர் இரவில் யாரோ பறித்துப் போக, இன்னார்தான் பறித்தார் என்று சச்சரவு மூண்டது. ஒரே தெருவினர் இரண்டு மாதம் முகங்கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. காய்கறியால் விளைய வேண்டிய ஒற்றுமை போய், இருந்த ஒற்றுமையும் குலைந்தது.

அந்தத் தோட்டத்திற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று நாம் அப்போது கணக்கிடவே இல்லை. கணக்கு எளிது. ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். கோடையில் காய்கறிப் பாத்திக்குச் சதுர மீட்டர் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் அளவில் நீர் வேண்டும். பத்து சென்ட்டுக்கு 2,000 லிட்டர். குடம் ஒன்று 15 லிட்டர் கொள்ளுமானால் 130 குடங்களுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு நாளும்! வீட்டுக்குக் குடிநீர் சுமப்பதே பெரும்பாடாக இருக்கும் ஊரில், வீட்டு வேலையும் தறி வேலையும் முடித்து வந்த பெண்கள் 130 குடம் சுமப்பார்கள் என்று எதிர்பார்த்த நமது அறியாமையை என்னென்பது? அவர்கள் ஓய்ந்துபோனது சோம்பலால் அன்று.

ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெறும் சமவெளி நம்முடையது. அதிலும் பெரும்பகுதி ஆடி கழிந்த பின்னரே பெய்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து பாரதம் முழுவதும் போகின்றன. ஊரூராய்த் தண்ணீர் கண்டு கொடுத்த பெருமை அந்த வண்டிகளுக்கு உண்டு. ஆனால் நம் சொந்த மண்ணில் நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் வழியாக நம் மாவட்டத்தினுள் வரும் திருமணிமுத்தாறு ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். சாயக் கழிவும் நகரக் கழிவும் கலந்து வரும் அந்த நீரைக் கீரைக்கு ஊற்றுவது தகாது. வேரும் இலையும் உறிஞ்சியது உண்போர் வயிற்றுக்கே வந்து சேரும்.

ஆகவே நிலத்தைப் பார்த்துத் தோட்டத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டாம். சித்திரை மாதத்தில் அங்கே எத்தனை குடம் நீர் மிஞ்சும் என்று பார்த்து, அதற்கேற்ற அளவே பாத்தி பிடிக்க வேண்டும்.

இப்படிச் சொன்னதும் சிலர் முகம் வாடுவதைக் காண்கிறோம். முழுவதும் கேளுங்கள். நாம் சொன்ன அந்தப் பழைய தோட்டம் அழிந்த பின்பும் அங்கே ஒரே ஒரு மரம் மட்டும் தழைத்து நின்றது. அது முருங்கை. யாரும் அதற்கு நீர் ஊற்றவில்லை. பள்ளிப் பிள்ளைகள் தட்டுக் கழுவும் குழாயடியின் கழிவுநீர் வேலியின் மூலையில் போய்த் தேங்கிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தில் மரம் நின்றது. சத்துணவு சமைக்கும் அம்மையார் வாரத்தில் இரண்டு நாள் அதன் கீரையை ஒடித்துச் சாம்பாரில் போட்டார். இத்தனை பொருட்செலவில் நாம் செய்ய முடியாததைக் குழாயடிச் சேறு செய்துவிட்டது. அதைக் கண்ட பிறகே நமக்குப் புத்தி வந்தது என்று கூறலாம்.

பிள்ளைகள் நூறு பேர் உள்ள பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கை கழுவவும் தட்டுக் கழுவவும் தலைக்கு 3 லிட்டர் செலவாகிறது என்று வைத்தால், நாளொன்றுக்கு 300 லிட்டர் வீணே ஓடுகிறது. முன் சொன்ன கணக்குப்படி அது 60 சதுர மீட்டருக்கு, அதாவது ஒன்றரை சென்ட்டுக்குப் போதும். முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்து ஒரு மாதத்திற்குள் பறிக்கலாம். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கிடைக்கும். அறுபது சதுர மீட்டரையும் ஒரே நாளில் விதைத்துவிடாமல், நாளுக்கு 2 சதுர மீட்டராக முறை வைத்து விதைத்து வந்தால் நாள்தோறும் 2 கிலோ கீரை கைக்கு வரும். பிள்ளை ஒன்றுக்கு 20 கிராம். கழிவுநீரை நேரே இலைமேல் ஊற்றலாகாது. சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் நீங்க, ஜல்லியும் மணலும் இட்ட சிறு குழியில் வடித்து, பாத்திக்கு இடையே வாய்க்காலில் விட வேண்டும். சோப்புத்தூள் மிகுந்த நீரையும் தவிர்க்க வேண்டும். விடுமுறை மாதத்தில் பிள்ளைகள் வரமாட்டார்கள், கழிவுநீரும் வராது. அந்த மாதத்திற்குப் பாத்திகளைக் காயவிட்டு, மண்ணைக் கிளறி, சருகும் தொழுவுரமும் இட்டு மூடிவைப்பதே விவேகம். தோட்டம் என்றால் பன்னிரண்டு மாதமும் பச்சையாக இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

இருபது கிராம் கீரைக்கா இவ்வளவு பிரயத்தனம் என்று ஒரு பெரியவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. உலக சுகாதார நிறுவனம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. ஐந்து பேருள்ள குடும்பத்தின் காய்கறித் தேவையை நிறைவு செய்யவே 200 சதுர மீட்டர், அதாவது ஐந்து சென்ட் அளவில் நிலம் வேண்டும் என்பது விரிவாக்கப் பணியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஒன்றரை சென்ட் நிலம் இருபது குடும்பங்களுக்கு அன்றாடக் காய்கறி முழுவதையும் தந்துவிடும் என்று நாம் ஆசை காட்ட மாட்டோம். ஆயினும் 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று கண்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிலையும் அதுவே. தறிக்குடிகளின் வீடுகளில் கொல்லை இல்லை, வாசலும் இல்லை, கதவைத் திறந்தால் தறி. சந்தையில் கீரைக்கட்டு வாங்கினாலும் அதை ஆய்ந்து சமைக்க நேரமில்லை. அத்தகைய வீட்டுப் பிள்ளை பள்ளியிலாவது தினமும் ஒரு கரண்டி கீரை உண்ணட்டும். கீரையோடு சிறிது எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது எளிதாகும். சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்துவதை நம் தாய்மார்கள் விட்டால் அதுவும் நன்மையே.

பலர் கூடிக் காய்கறி பயிரிடும் இம்முயற்சி புதியதன்று. 1943-ல் 'அதிக உணவு உற்பத்தி' இயக்கம் தொடங்கியது. அதன் அனுபவத்தை ஆராய்ந்த குழு 1952-ல் அறிக்கை தந்தது. அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சமூக வளர்ச்சித் திட்டம் பிறந்தது. எங்கள் உத்தியோகத்தின் வேர் அங்கேதான். 1960-களில் யுனிசெஃப் முதலிய நிறுவனங்களின் உதவியோடு ஊட்டச்சத்துத் திட்டத்தின்கீழ்ப் பள்ளித் தோட்டங்களும் மாதர் சங்கத் தோட்டங்களும் போடப்பட்டன. திட்டத்தின் பணம் நின்றதும் தோட்டமும் நின்ற இடங்கள் பல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் ஏறத்தாழ இரண்டு கோடித் தோட்டங்கள் வீட்டுப் புறத்திலும் பொது இடங்களிலும் போடப்பட்டு, அந்நாட்டின் காய்கறியில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை அவற்றில் விளைந்ததாகக் கணக்கிட்டார்கள். 1945-ல் யுத்தம் ஓய்ந்தது. பெரும்பாலான தோட்டங்களும் ஓய்ந்தன. ஆவேசம் ஒரு பருவத்துக்குப் போதும். இரண்டாம் பருவத்துக்கு வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று எது என்பதற்குக் கேரளத்தைப் பார்க்கலாம். 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து, தரிசாகக் கிடந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் வாழையும் காய்கறியும் பயிரிட்டார்கள். விளைந்ததில் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிகுந்ததை விற்றார்கள். வெறும் தொண்டு என்று அவர்கள் அதைச் செய்யவில்லை. உழைத்தவருக்குப் பங்கு உண்டு. பங்குக்குக் கணக்கு உண்டு. சோவியத் யூனியன் 1991-ல் குலைந்தபின் எண்ணெயும் உரமும் கிடைக்காமல் தவித்த கியூபாவில், ஹவானா நகரின் காலி மனைகளில் தொட்டிபோல் கரை கட்டி, மக்கிய உரம் நிரப்பிக் காய்கறி வளர்த்தார்கள். அங்கும் வேலை செய்தவர்களுக்கு வருவாய் இருந்தது; தோட்ட வாசலிலேயே விற்பனை நடந்தது.

சிங்கப்பூரின் வழி வேறு. அங்கே அடுக்குமாடிகளில் வாழும் மக்களுக்காக 2005-ல் பூங்காக் கழகம் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. குடியிருப்போரே கூடி வளர்க்கிறார்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் அத்தோட்டங்களில் காணலாம். பின்னர் 2016-ல், ஆளுக்கொரு சிறு பாத்தி என்று வாடகைக்கு விடும் முறையையும் சேர்த்தார்கள். இங்கிலாந்திலோ 1908-ஆம் ஆண்டுச் சட்டம் முதற்கொண்டே, கேட்போருக்குச் சாகுபடித் துண்டு ஒதுக்கித் தருவது உள்ளாட்சிகளின் கடமையாக இருந்து வருகிறது.

எல்லாம் பொதுவா, ஆளுக்கொரு பாத்தியா? இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. நம் அபிப்பிராயம் இது: கீரைப் பாத்திகளை ஆளுக்கு இரண்டாகப் பெயர் குறித்து விடுங்கள், யார் பாத்தி வாடுகிறது என்பது பார்த்தவுடன் தெரியும். வேலியில் படரும் சுரை, பீர்க்கு, பரங்கி, மூலையில் நிற்கும் முருங்கை, அகத்தி, பப்பாளி ஆகியவை பொதுவாக இருக்கட்டும். பொதுவில் விளைவது முதலில் பள்ளிச் சமையலறைக்குப் போகட்டும். மிஞ்சினால் அன்று தண்ணீர் முறைக்காரருக்கு. பதினான்கு பேர் சேர்ந்தால் நாளுக்கு இருவர். ஒருவருக்கு வாரத்தில் ஒரு முறைதான் வரும். வாரம் ஏழு நாளும் பதினான்கு பேரும் வர வேண்டும் என்று விதித்தால் ஒருவரும் வரமாட்டார்கள்.

கணக்கு எழுதுவதை அலுவலகச் சடங்கு என்று எண்ண வேண்டாம். தருமபுரி மாவட்டத்தில் 1989-ல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டன. அவை நிலைத்ததற்குக் காரணம் கடன் மட்டுமன்று. குறித்த நாளில் கூடி, எல்லோரும் கேட்க நோட்டை வாசித்ததும் காரணம். அதே நோட்டில் இரண்டு பக்கம் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். இன்று நீர் ஊற்றியவர் யார், பறித்தது எத்தனை பிடி, யாருக்குப் போயிற்று. இந்த மூன்றையும் எழுதினால், இரவில் காய் போனாலும் ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்படும் அளவு குறையும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க்கில் 1973-ல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் நண்பர்களும் குப்பைமேடாகக் கிடந்த மனை ஒன்றைத் தோட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டு நகராட்சி மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அதைக் கொடுத்தது. அதைப் பார்த்து நகரெங்கும் தோட்டங்கள் எழுந்தன. 1999-ல் அந்நகராட்சியே நூற்றுக்கு மேற்பட்ட தோட்ட மனைகளை ஏலம் விட முனைந்தது. இரண்டு அறநிறுவனங்கள் விலை கொடுத்து வாங்கியதால் அவை பிழைத்தன. நமக்கு விலை கொடுத்து வாங்க யாரும் வரமாட்டார்கள். ஆகவே வாய்மொழி அனுமதியை நம்பி மண்வெட்டியை எடுக்காதீர்கள். ஊராட்சி இடமானால் கிராம சபையில் தீர்மானம் வேண்டும். பள்ளி வளாகமானால் பள்ளியின் சம்மதம் வேண்டும். பேரூராட்சி எல்லைக்குள் உள்ள இடமானால், அது எங்கள் அதிகாரத்துக்கு வெளியே. பேரூராட்சி அலுவலகத்தைத்தான் அணுக வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கு அறவே கூடாது.

இடத்தில் இன்னொன்றும் உண்டு. அதை வெளிப்படையாகவே சொல்கிறோம். ஊரின் ஒரு பக்கத்தில் தோட்டம் போட்டால், மறுபக்கத்துப் பெண்கள் தாமாக உள்ளே வருவார்களா? காலனியிலிருந்து வருபவர் தொட்ட குடத்தில் நீர் மொள்ள முகம் சுளிப்பவர் ஒருவர் இருந்தாலும் அது பொதுத் தோட்டமாகாது. நாம் பள்ளிப் பக்கத்தை வற்புறுத்துவதற்குக் கழிவுநீர் ஒரு காரணம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அங்கே ஒரே பந்தியில் உண்பது மற்றொரு காரணம். தண்ணீர் முறைப் பட்டியல் எழுதும்போது, நாளுக்கு இருவர் என்பதில் இருவரும் ஒரே தெருவினராக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கூடிச் செயலாற்றும் வழக்கம் இப்பகுதிக்கு அந்நியமன்று. திருச்செங்கோட்டுக்கருகே புதுப்பாளையத்தில் 1925-ல் இராஜாஜி காந்தி ஆசிரமம் நிறுவியபோது, நூல் நூற்றவர்களும் நெய்தவர்களும் நம் சுற்றுக் கிராமத்து மக்களே.

எஞ்சியவை சில்லறை விஷயங்கள். சிமெண்டுக் கால் வேண்டாம். மழைக்காலத் தொடக்கத்தில் கிளுவைப் போத்து நடுங்கள், ஆண்டுக்குள் வெள்ளாடு நுழையாத உயிர்வேலி ஆகும். அதுவரை முள் அடைப்புப் போதும். முருங்கைக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கண்ட பி.கே.எம். 1 விதையை நட்டால் ஆறேழு மாதத்தில் காய் காணலாம். கத்தரியில் குருத்து வாடினால் உடனே அக்குருத்தைக் கிள்ளி எரித்துவிடுங்கள். பூச்சி அதிகமானால் அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டித் தெளியுங்கள். பிள்ளைகள் உண்ணும் கீரையில் கடைமருந்து எதுவும் படலாகாது.

விதையும் பூவாளியும் தோட்டக்கலைத் துறையிடம் கேட்டுப் பெற முயல்வோம். அது நம் பொறுப்பு. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை நண்பகல், பிள்ளைகள் உணவுண்ணும் நேரத்தில், நாம் பள்ளிக்கு வருகிறோம். தாய்மார்களில் நால்வர் ஆளுக்கொரு குடம் கொண்டு வாருங்கள். குழாயடியிலிருந்து ஓடும் நீரை ஒரு சொட்டும் விடாமல் பிடித்து, எத்தனை குடம் என்று எண்ணுவோம். இளைஞர்களில் ஒருவர் அடிபம்பை ஐந்து நிமிடம் அடித்து எத்தனை லிட்டர் வருகிறது என்று பார்க்கட்டும். இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு கயிறு பிடித்துப் பாத்தி அளப்போம். ஆடிப் பட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.